ஈரல் கெட்டால் கன்று ஏன் சுவரில் முட்டுகிறது?

கேள்வி: போளூர் பக்கம் எங்கள் ஊர். இரண்டு கலப்பினப் பசுக்களும் ஐந்து மாதக் கிடாரிக் கன்று ஒன்றும் இருக்கின்றன. பத்து நாளாகவே கன்று சரியாகத் தின்னவில்லை, ரோமம் சிலிர்த்து வற்றிப்போனது. முந்தாநாள் முதல் பல்லை நறநறவென்று கடிக்கிறது, ஒரே பக்கமாக வட்டம் சுற்றுகிறது, கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அப்படியே நிற்கிறது. முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளிவிட்டது. டாக்டர் அதை உள்ளே தள்ளிவிட்டு, "ஈரல் கெட்டிருக்கும் போல, ரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்றார். சுற்றுவதும் முட்டுவதும் தலைக் கோளாறு அல்லவா ஐயா, ஈரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வெறிநோயாக இருக்குமோ என்று வீட்டில் பயம். செக்கில் வாங்கும் கடலைப் புண்ணாக்கு, தவிடு, வைக்கோல், சோளத்தட்டு, இவ்வளவுதான் தீவனம். ஐப்பசி மழையில் புண்ணாக்கு மூட்டையின் ஓரம் நனைந்தது. காயவைத்துத்தான் போடுகிறோம்.

பதில்: அம்மா, உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். அதற்குப் போகும் முன் வெறிநோய் பயத்தைப் பேசிவிடுவோம், அது நியாயமான பயம். வெறிநோய் வந்த மாடும் முக்கும், எச்சில் ஒழுக்கும், தடுமாறும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் கன்றின் வாய்க்குள் கையை விடாதீர்கள், மருந்து புகட்டாதீர்கள். எச்சில் பட்ட கையில் கீறல், புண் ஏதாவது இருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். குழந்தைகளைக் கொட்டகைப் பக்கம் விட வேண்டாம்.

சரி, இனி ஈரல். உங்கள் டாக்டர் சொன்னது சரியான திசை என்றே எனக்கும் படுகிறது. பல் கடிப்பது, வட்டம் சுற்றுவது, முக்கி ஆசனவாய் தள்ளுவது, இதற்கெல்லாம் முன்னால் பல நாள் தீனி குறைந்து வற்றிப்போனது. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற மூன்று முதல் ஆறு மாதக் கன்றுகளில் இப்படித்தான் வரும். வெறிநோயில் மாடு சில நாளிலேயே விறுவிறுவென்று கீழே போய்விடும். உங்கள் கன்று பத்து நாளாக மெல்ல மெல்லத் தேய்ந்திருக்கிறது.

ஈரல் கெட்டால் மூளை ஏன் கெட வேண்டும்? மாடு தின்னும் புண்ணாக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம். அது வயிற்றிலும் குடலிலும் நொதிக்கும்போது அம்மோனியா உண்டாகும். மூத்திரம் தேங்கிய கொட்டகையில் மூக்கைத் துளைக்குமே, அதே அம்மோனியாதான். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் முதலில் ஈரலுக்குள் போய்த்தான் உடம்புக்குள் போகும். ஈரல் அந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்றி மூத்திரத்தில் தள்ளிவிடுகிறது. ஈரலில் முக்கால் பங்கு செத்துப்போகும் வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, மீதிக் கால் பங்கு சமாளித்துக்கொண்டே இருக்கும். அதுவும் தளர்ந்ததும் அம்மோனியா நேராக மூளைக்கு ஏறுகிறது. மூளை அதைச் செரிக்கப் பார்த்து, அதிலேயே வீங்கிப்போகிறது. கன்றுக்குப் பார்வை மங்கும், திசை தெரியாது, எதிரே இருப்பது சுவர் என்று புரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். நடக்கப் போகும் வழியில் ஏதோ இருக்கிறது என்றுதான் அதற்குத் தெரிகிறது, விலகத் தெரியவில்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, அந்த ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் 1893-இல் இன்னொரு சோதனையை எழுதினார்கள். குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயை ஈரலுக்குள் விடாமல் திருப்பி, பெரிய ரத்தக்குழாயோடு இணைத்துவிட்டார்கள். அந்த நாய்களுக்கு இறைச்சி போட்டால் மூர்க்கமாகும், தள்ளாடும், வலிப்பு வரும். இறைச்சி போடாதவரை ஓரளவு தாக்குப்பிடித்தன. எனக்கு இந்தச் சோதனை பிடிக்காது, ஆனாலும் நம் வேலைக்கு அதிலுள்ள பாடம் பெரியது. ஈரல் வேலை செய்யாத மிருகத்துக்குப் புரதமே விஷம். உங்கள் கன்றுக்குத் தெம்பு வரட்டும் என்று இன்னும் ஒரு கைப்பிடி புண்ணாக்கைச் சேர்த்துப் போட்டீர்களோ என்று நினைக்கும்போது மனசு சங்கடப்படுகிறது. பலரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆடு மாடுகளில் இதைத் துல்லியமாக ஆராய்ந்தவர்களில் ஆஸ்திரேலியக் கால்நடை நோய்க்கூறியல் ஆய்வாளர் ஹூப்பர் முக்கியமானவர். 1970-களில் அவர் ஈரல் நோயில் செத்த கால்நடைகளின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, வெள்ளைப்பகுதி முழுக்கப் பஞ்சுபோலத் துளை துளையாக இருப்பதை எழுதினார். ஈரல் செத்த செம்மறிகளின் ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருப்பதையும் மூளையில் அந்தத் துளைகள் இருப்பதையும் சேர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு, மூளையில் கிருமியோ புழுவோ இல்லாமல் மாடு கிறுக்குப் பிடித்தாற்போல நடந்தால், டாக்டர்கள் ஈரலையும் ஒரு கண் பார்க்கப் பழகினார்கள். அவர் நாட்டின் வடமேற்கே கிம்பர்லி பகுதியில் குதிரைகளுக்கு ஒரு நோய் உண்டு. வேலியையும் கிழித்துக்கொண்டு ஓயாமல் நடந்து நடந்தே சாகும். காரணம் கிலுகிலுப்பை இனத்துச் செடி, அதுவும் ஈரலைத்தான் கெடுக்கும். நம் தரிசுகளிலும் கிலுகிலுப்பை முளைக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய செடி. பசுந்தாளுரத்துக்கு விதைக்கும் சணப்பையின் விதையையும் தீவனத்தில் கலந்துவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது செடியை அல்ல, மூட்டையை. நனைந்த கடலையிலும் புண்ணாக்கிலும் ஒருவகைப் பூசணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோதுதான் உலகத்துக்கே இது தெரியவந்தது. அவை தின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயோடு போகாது, சக்கையிலேயே தங்கிவிடும். காயவைத்தால் ஈரம்தான் போகும், ஏற்கெனவே ஊறிய நஞ்சு போகாது. வேகவைத்தாலும் போகாது. மேலே பச்சைப் பூசணத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளே நல்லதாக இருக்கிறது என்று போடுவதும் தப்பு, நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இப்போது கன்றுக்கு என்ன செய்வது? புண்ணாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள், ஒரு பிடிகூட வேண்டாம். யூரியா கலந்த வைக்கோல், தாது உப்புக் கட்டியில் யூரியா சேர்த்தது இருந்தால் அதுவும் கூடாது. தானாகத் தின்னும் அளவுக்கு இருந்தால் வைக்கோலும் சோளத்தட்டும், மக்காச்சோளக் குருணைக் கஞ்சியும், வெல்லத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி முன்னால் வையுங்கள். தின்னாவிட்டால் திணிக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும், கை வைக்கிற ஆபத்தும் இருக்கிறது. வெயிலில் கட்டாதீர்கள், ஈரல் கெட்ட மாட்டுக்கு வெயில் பட்டால் தோல் வெந்து உரியும். சுவரை ஒட்டி வைக்கோல் பொதி அடுக்கி வையுங்கள், முட்டினாலும் அடிபடாது. குளுக்கோஸ் ஏற்றுவது, பி1 வைட்டமின் ஊசி போடுவது எல்லாம் டாக்டர் முடிவு செய்வார். பி1 பற்றாக்குறையும் இதே மாதிரி தலைமுட்ட வைக்கும் என்பதால் அந்த ஊசியைப் பெரும்பாலும் போட்டுவிடுவது நல்லது. வலிப்பு வந்தால் அமைதி ஊசி போடும் முன், ஈரல் கெட்டிருக்கும் சந்தேகத்தை அவருக்கு நினைவுபடுத்துங்கள். பல மருந்துகளை உடம்பிலிருந்து வெளியேற்றுவதே ஈரல்தான். ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளும், ஈரல் கெட்டால் ஏறும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளும் பார்த்தால் போதும். அம்மோனியா பார்ப்பதென்றால் ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதமானால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். டாக்டரை அழைக்க வழி இல்லாவிட்டால் 1962-க்கு அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸைக் கேளுங்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. மூளைக்கு ஏறி, ஆசனவாயும் தள்ளிய பிறகு, கன்று பிழைப்பது அரிது. ஒன்றிரண்டு மீண்டிருக்கின்றன, அவையும் முன்போல வளர்ச்சி காட்டுவதில்லை. கைமீறிப்போனால் குழி தோண்டும் முன் டாக்டரிடம் சொல்லிப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வெளிறி, கடினமாகிப்போன ஈரலை அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். மூளையில் ஒரு துண்டை வெறிநோய்க்கும் அனுப்பினால் வீட்டில் உள்ளவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

பசுக்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் அவற்றைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய மாடு இந்த நஞ்சைக் கன்றைவிட அதிகம் தாங்கும். பால் கொஞ்சம் குறையும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. நம் நாட்டில் கலப்புத் தீவனத்துக்கு வைத்திருக்கும் வரம்பு டன்னுக்கு 20 மில்லிகிராம், பாலுக்கு ஆயிரம் லிட்டரில் அரை மில்லிகிராம். எவ்வளவு சொற்பம் பாருங்கள். பழைய புண்ணாக்கை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலில் அளவு இறங்கிவிடும். அதுவரை வீட்டில் சின்னக் குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்றாமல் இருப்பது நியாயம். நஷ்டம்தான், வேறு வழி தெரியவில்லை.

மூட்டையை உறுதிப்படுத்த வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரே இடத்தில் அள்ளாதீர்கள், நஞ்சு மூட்டைக்குள் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். மேலே, நடுவில், அடியில், நனைந்த ஓரத்தில் என்று பத்து இடத்தில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைக் காகிதப் பையில் கட்டி அனுப்புங்கள். அம்மோனியாவைச் செலுத்தி இந்த நஞ்சை முறிக்கும் முறை பெரிய ஆலைகளில் உண்டு. கன்றைக் கெடுத்த அதே அம்மோனியா அங்கே மருந்தாகிறது, வேடிக்கைதான். ஆனால் அதை நம்பி வீட்டில் யூரியா கரைசல் தெளித்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மீதிப் புண்ணாக்கைக் கோழிக்குப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது, வாத்துக்குஞ்சு இந்த நஞ்சில் சீக்கிரம் சாகும், கோழிக்கும் கெடுதல்தான். பாதி விலைக்கு அக்கம்பக்கத்தில் தள்ளிவிடவும் கூடாது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் லேசாக நனைத்து, ஆழக் குழிவெட்டிச் சாக்கோடு புதைத்துவிடுங்கள். அடுத்த மூட்டையைச் சுவரோரம் தரையில் வைக்காமல் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் ஏற்றி வையுங்கள்.