டோரியன் கிரே வருந்தினானா? குற்றத்துக்கு அடுத்த மணி நேரத்தைப் படியுங்கள்

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். விக்டோரியா காலத்து நாவல்களில் ஒழுக்கச் சீரழிவும் குற்றவுணர்வும் என்பது என் ப்ராஜெக்ட் தலைப்பு. 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே', 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்', 'மிடில்மார்ச்' மூன்றையும் எடுத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தைக் கைடு திருப்பிக் கொடுத்து, "இது கதைச்சுருக்கம், ஆய்வு எங்கே?" என்று கேட்டார். டோரியன் கடைசியில் ஓவியத்தைக் குத்துவது குற்றவுணர்வால்தான் என்று எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டார். 60 பக்கத்துக்குள் இதை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: டோரியன் விஷயத்தில் உங்கள் கைடு பக்கம்தான் நான். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் ப்ராஜெக்ட்டுக்கான வழியும் அதிலேயே இருக்கிறது.

டோரியன் இளமையோடு அப்படியே இருக்க, அவன் பாவமும் வயதும் அவனுடைய ஓவியத்தின் முகத்தில்தான் விழுகின்றன, அதுதானே கதை. கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். கத்தியை எடுப்பதற்கு முன் டோரியன் தன் கணக்கைத் தானே பார்க்கிறான். ஓவியர் பேசில் ஹால்வர்டைக் கொன்றது ஏதோ ஒரு நிமிஷப் பைத்தியம் என்று முடித்துவிடுகிறான். அதோடு நிற்கவில்லை, தன் வாழ்க்கையைக் கெடுத்த ஓவியத்தை வரைந்தவர் அவர்தானே என்று பழியையும் செத்தவர் மேலேயே போடுகிறான். பிணத்தை அழிப்பதற்காக அவன் மிரட்டிப் பணிய வைத்த ஆலன் கேம்பெல் பிறகு தற்கொலை செய்துகொண்டான் அல்லவா? அது ஆலனின் சொந்த முடிவாம், தனக்குச் சம்பந்தமில்லையாம். ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிட்டோமே, அந்தப் புண்ணியத்துக்கு ஓவியம் கொஞ்சமாவது தெளிந்திருக்காதா என்று மாடிக்குப் போய்த் திரையை விலக்குகிறான். கண்ணில் தந்திரமும் வாயோரத்தில் வேஷக்காரனின் சுளிப்பும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. கையில் இருந்த ரத்தக்கறை முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றுகிறது. யார் நம்பப்போகிறார்கள், ஒரு தடயமும் இல்லையே என்று அதையும் தள்ளிவிடுகிறான். தனக்கு எதிராக மிச்சமிருக்கிற ஒரே சாட்சி அந்த ஓவியம். பேசிலைக் குத்திய அதே கத்தியை எடுக்கிறான்.

இந்தப் பக்கங்களில் பயம் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது, நல்லவனாகிவிட வேண்டும் என்ற ஏக்கம்கூட இருக்கிறது. ஆனால் குற்றவுணர்வு என்று சொல்ல வேண்டுமானால், யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களுடைய முகம் மனசில் வர வேண்டும். டோரியனுக்கு வருவதெல்லாம் தன் முகம்தான்.

மாணவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. கெட்டது செய்தவன் கலங்கினாலே அதைக் குற்றவுணர்வு என்று எழுதிவிடுகிறோம். தமிழில் யோசித்துப் பாருங்கள், தெளிந்துவிடும். மாட்டிக்கொள்வோமோ என்பது பயம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது மானத்தைப் பற்றிய கவலை. என் நிலைமை இப்படி ஆகிவிட்டதே என்பது கழிவிரக்கம். அவளுக்கு நான் இதைச் செய்துவிட்டேனே என்று உள்ளுக்குள் அறுப்பதுதான் குற்றவுணர்வு. விக்டோரியா காலத்தின் நல்ல நாவலாசிரியர்கள் இந்த நான்கையும் பிரித்தே எழுதினார்கள். நீங்களும் பிரித்துக்கொண்டால் கதைச்சுருக்கம் தானாகவே ஆய்வாக மாறத் தொடங்கும்.

தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்துவிட்டார்கள். இந்த நாவல்களின் கேள்வி அதற்கு அடுத்தது: சுடாமல் இருக்க நெஞ்சு என்னென்ன ஏற்பாடு செய்துகொள்கிறது? அதனால் குற்றம் நடக்கும் காட்சியில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் போங்கள். அந்த மனிதன் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்கிறான் என்று பாருங்கள். உங்கள் 60 பக்கமும் இந்த ஒரு கேள்வியில் நிற்கலாம்.

டோரியனில் அந்த மணி நேரம் 7, 8ஆம் அத்தியாயங்களில் வருகிறது. தான் காதலித்த நடிகை சிபில் வேனை ஈவிரக்கமில்லாமல் உதறிவிட்டு வீட்டுக்கு வருகிறான். ஓவியத்தின் வாயோரத்தில் கொடூரத்தின் முதல் கோடு விழுந்திருக்கிறது. மறுநாள் உட்கார்ந்து அவளுக்குப் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும், அவள் மன்னித்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி அவனுக்கு வந்துவிடுகிறது. கடிதம் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. அவளோ முந்தின ராத்திரியே செத்துப்போயிருக்கிறாள், அது அவனுக்குத் தெரியாது. தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அப்படித் திட்டிக்கொண்டால் வேறு யாருக்கும் நம்மைக் குறை சொல்ல உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம் என்கிறார் நாவலாசிரியர் ஆஸ்கர் வைல்டு அந்த இடத்தில். அன்று மாலையே டோரியன் ஆபெராவுக்குப் போகிறான். ஓவியம் அழுகுவது பிற்பாடு. அழுகல் தொடங்கிய இடம் இந்தக் கடிதம் என்பது என் கருத்து.

சரி, 'மிடில்மார்ச்'. ப்ராஜெக்ட்டின் நடுத்தூணாக இதைத்தான் வையுங்கள். ஜார்ஜ் எலியட் எழுதி, 1871–72இல் பகுதி பகுதியாக வந்த பெரிய நாவல். முழுவதையும் அலச வேண்டாம், வங்கி முதலாளி பல்ஸ்ட்ரோடு வருகிற இழையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரில் பக்திமான் என்று பெயரெடுத்தவர். ஆனால் அவருடைய செல்வத்தின் வேர் லண்டனில், திருட்டுச் சாமான்களை வாங்கிக்கொண்ட ஓர் அடகுக்கடையில் இருக்கிறது. கடைக்காரரின் விதவையை மணந்தபோது, அவள் தேடிக்கொண்டிருந்த மகள் கிடைத்துவிட்ட செய்தியை அவளிடமிருந்து மறைத்தார். சொத்து முழுவதும் இவரிடம் வந்தது. அது தெரிந்த ராஃபிள்ஸ் என்ற குடிகாரன் பல வருஷம் கழித்துப் பணம் பிடுங்க வருகிறான். வந்த இடத்தில் நோயில் விழுகிறான்.

70ஆம் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். மருத்துவர் லிட்கேட் திட்டமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்: மது ஒரு சொட்டும் கூடாது, தூக்கமே வராவிட்டால் ஓபியம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், இந்த அளவோடு நிறுத்திவிட வேண்டும். பல்ஸ்ட்ரோடு அன்று களைத்திருக்கிறார். இரவுக் காவலை வீட்டு வேலைகளைப் பார்க்கும் ஏபெல் அம்மாளிடம் ஒப்படைக்கிறார். ஓபியத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல விட்டுப்போய்விட்டது என்று பிறகு நினைவு வருகிறது. மெழுகுவர்த்தியோடு மாடி ஏறி, நோயாளியின் அறைக்குப் போவதா தன் அறைக்குப் போவதா என்று நடையில் நிற்கிறார். ராஃபிள்ஸ் முனகுவது கேட்கிறது. இன்னும் தூங்கவில்லையே, மருத்துவர் சொன்னதை மீறினால்தான் நல்லதோ என்னவோ என்று ஒரு நினைப்பு. தன் அறைக்குள் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஏபெல் அம்மாள் கதவைத் தட்டி, ஆள் துவண்டு கிடக்கிறான், கொஞ்சம் பிராந்தி கொடுக்கட்டுமா என்று கேட்கிறாள். உள்ளே இருந்து பதில் இல்லை. அவள் மறுபடியும் வற்புறுத்துகிறாள். ஓர் அங்குலம் மட்டும் திறந்த கதவிடுக்கு வழியாக, மது வைத்திருக்கும் பெட்டியின் சாவி வெளியே நீள்கிறது. மறுநாள் காலை ராஃபிள்ஸ் செத்துப்போகிறான்.

இங்கே கொலை எங்கே நடந்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். முடியாது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நோயாளிக்கு மது கொடுப்பது பல மருத்துவர்களின் வழக்கம், லிட்கேட்டின் முறைதான் புதிது. சட்டத்தின் பிடிக்குள் வரும்படி பல்ஸ்ட்ரோடு எதையுமே செய்யவில்லை. ஒரு மறதி, ஒரு தயக்கம், ஒரு சாவி, அவ்வளவுதான். விடியற்காலையில் எழுந்து ஜபம் வேறு செய்கிறார். தனியாகச் செய்கிற ஜபம் என்பதற்காக அது உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா என்று ஜார்ஜ் எலியட் நம்மைக் கேட்கிறார். மனசுக்குள்ளே பேசினாலும் அதுவும் பேச்சுதான், பேச்சில் நம்மை நாமே அலங்கரித்துக்கொள்வோம். ஜபம் முடிந்ததும் அவர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஏறக்குறையக் காலியான ஓபியப் புட்டியைக் கண்ணில் படாமல் வைக்கிறார். பிராந்தி பாட்டிலைக் கீழே கொண்டுபோய் வைத்துப் பூட்டுகிறார். மனசு அறியாததைக் கை அறிந்திருக்கிறது.

எலியட்டுக்கு இந்த மனசு வெளியிலிருந்து கேள்விப்பட்டது அல்ல. இளம் வயதில் அவரே தீவிரமான இவாஞ்சலிக்கல் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட்) பக்தியில் ஊறியவர், 1842இல் தேவாலயத்துக்குப் போக மறுத்தார். தினமும் தன் பாவங்களைத் தானே சோதித்துக்கொள்ளும் அந்த மரபு எத்தனை நேர்மையைத் தரும் என்பதும், அதே மரபு எத்தனை சாமர்த்தியமான சாக்குகளைக் கற்றுத்தரும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்தப் பின்னணியை அரைப் பக்கம் எழுதினால் போதும். 'விக்டோரியா காலச் சமூகம்' என்று பத்துப் பக்க வரலாறு வேண்டாம்.

'ஜெகில்–ஹைடு' 1886 ஜனவரியில் வந்த, ஆர்.எல். ஸ்டீவன்சனின் சின்னப் புத்தகம், பத்தே அத்தியாயங்கள். மருந்து குடித்து ஹைடு என்ற இன்னொரு ஆளாக மாறுகிற டாக்டர் ஜெகிலின் கதை. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடக்கும் சண்டை என்று எழுதிவிடாதீர்கள், தேய்ந்துபோன வாசிப்பு அது. ஜெகிலின் வாக்குமூலமான கடைசி அத்தியாயத்தில் இலக்கணத்தைப் பாருங்கள். 'நான்' என்று தொடங்குகிறவர், ஹைடின் செயல்களைச் சொல்ல வரும்போது 'அவன்' என்கிறார். ஓர் இடத்தில், 'நான்' என்று சொல்ல வாய் வரவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். குற்றம் ஹைடுடையது, ஹைடுடையது மட்டுமே என்கிறார். ஹைடு செய்த தீங்கைச் சில சமயம் தானே போய்ச் சரிசெய்ததையும் சொல்லி, இப்படியாக மனச்சாட்சி உறங்கியது என்கிறார். ஈடுகட்டுவதே தூக்க மருந்தாகிவிட்டது. டோரியனின் கடிதத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே அத்தியாயத்தில் ரீஜன்ட்ஸ் பூங்கா காட்சியையும் விட்டுவிடாதீர்கள். சர் டான்வர்ஸ் கேரு என்பவரை ஹைடு கொன்ற பிறகு ஜெகில் திருந்தி, தருமகாரியங்கள் செய்துவருகிறார். ஜனவரி மாதம், நல்ல வெயில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நானும் எல்லோரையும் போலத்தான் என்று நினைக்கிறார். அப்புறம், சும்மா இருப்பவர்களைவிட நான் எவ்வளவு நல்லது செய்கிறேன் என்று ஒப்பிட்டுப் பார்த்து லேசாகப் பெருமைப்படுகிறார். அந்த நொடியில், மருந்து ஏதும் குடிக்காமலே, முழங்கால் மேல் இருக்கும் கை ரோமம் அடர்ந்த ஹைடின் கையாக மாறிவிடுகிறது. ஆசை கிளம்பிய நேரத்தில் இது நடக்கவில்லை, தன்னை மெச்சிக்கொண்ட நேரத்தில் நடக்கிறது. ஸ்டீவன்சன் இதைத் தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். இந்த ஒரு காட்சியே ஐந்து பக்கம் தாங்கும்.

எதிர்ப்பக்கத்தையும் ஓர் அத்தியாயத்தில் காட்டினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உங்களுக்கு பலம். இந்த ஆண்கள் சாக்குச் சொல்லித் தப்பிக்கும்போது சுமை யார் தலையில் இறங்குகிறது என்று கேளுங்கள். தாமஸ் ஹார்டியின் 'டெஸ்', 1891. முதலிரவில் கணவன் ஏஞ்சல் லண்டனில் ஒரு பெண்ணோடு கழித்த 48 மணி நேரத்தை ஒப்புக்கொள்கிறான், டெஸ் உடனே மன்னிக்கிறாள். பிறகு, தனக்கு இழைக்கப்பட்டதை அவள் சொல்கிறாள். அவனால் மன்னிக்க முடியவில்லை. செய்யாத குற்றத்தைச் சுமப்பவளும் செய்த குற்றத்தை உதறிவிடுபவனும் ஒரே அறையில். மூன்று பக்கம் ஒதுக்குங்கள், நான்காவது நாவலாக விரித்துவிட வேண்டாம்.

இனி வேலை. 'டோரியன் கிரே' 1890இல் பத்திரிகையில் வந்தபோது 13 அத்தியாயங்கள், 1891 புத்தகத்தில் 20. சிபிலின் தம்பி ஜேம்ஸ் வேன் பழிவாங்கத் துரத்தும் பகுதி புத்தகத்தில்தான் சேர்ந்தது. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள். ஜேம்ஸ் வந்த பிறகு டோரியனின் பயம் எவ்வளவு சத்தமாகிறது என்று ஒப்பிடலாம். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இரண்டு வடிவமும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் மனச்சாட்சி, வருத்தம், வெட்கம், பயம் ஆகியவற்றுக்கான சொற்களை அங்கே தேடிப்பாருங்கள். எந்தச் சொல் யார் வாயில், எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு நாள் வேலை, ஆனால் கதைச்சுருக்கம் என்ற குற்றச்சாட்டு அதோடு போய்விடும்.

இன்னொன்று. வைல்டு தொடுத்த 1895 அவதூறு வழக்கில் அவரை மடக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் இந்த நாவலையே எடுத்துப் படித்தார் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு நாவலை ஆசிரியரின் வாக்குமூலமாகப் படிக்காதீர்கள். கார்சன் செய்ததையே நாமும் செய்ததாகிவிடும்.

அத்தியாயங்களை நாவல்வாரியாகப் பிரிக்க வேண்டாம், சாக்குவாரியாகப் பிரியுங்கள். வருந்தியதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்வது ஒன்று, 'நான் செய்யவில்லை, அவன் செய்தான்' என்பது ஒன்று, 'நான் எதுவுமே செய்யவில்லை, மறந்துவிட்டேன்' என்பது ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று நாவல்களும் வந்துபோகும். கடைசி அத்தியாயத்துக்கு 'மிடில்மார்ச்'சின் 74ஆவதை வைத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் விஷயம் பரவியபின் பல்ஸ்ட்ரோடின் மனைவி ஹாரியட் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். பிறகு நகைகளை எல்லாம் கழற்றி வைத்து, சாதாரணக் கறுப்பு உடை உடுத்திக்கொண்டு, கீழே போய்க் கணவர் பக்கத்தில் உட்காருகிறாள். தன்மேல் ஒரு குற்றமும் இல்லாதவள் அவருடைய அவமானத்தைத் தானாக ஏற்றுக்கொள்கிறாள். தான் குற்றமற்றவன் என்று அவர் சொல்லவில்லை, உண்மையில் என்னதான் நடந்தது என்று அவளும் கேட்கவில்லை. மூன்று பேரில் பல்ஸ்ட்ரோடுக்கு மட்டும், சாக்கு எதுவும் சொல்ல முடியாமல் இன்னொருவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து அழ ஓர் இடம் கிடைக்கிறது. டோரியனுக்கும் ஜெகிலுக்கும் அது ஏன் கிடைக்கவில்லை என்பதை எழுதிப் பாருங்கள். கைடிடம் அந்தப் பக்கங்களை முதலில் காட்டுங்கள்.