கடலோரத் தோட்டம் – வாசகர் கேள்விகள்: திராட்சைக்கு எந்தத் தண்ணீர்?

கேள்வி: அக்கா, பன்னீர் திராட்சைக் கொடி வைத்து ஓராண்டு ஆகிறது. மணல் தரை என்பதால் தினமும் இரண்டு குடம் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் வெளியேறும் நீரையும் வீணாக்காமல் அதற்கே விடுகிறேன். ஆனாலும் இலை ஓரம் கருகுகிறது. இன்னும் ஒரு குடம் கூட்டட்டுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் கொடிக்குத் தாகம் இல்லை, உப்பு ஏறியிருக்கிறது. தாகம் என்றால் இளந்தளிர் துவளும், பற்றுக்கம்பிகள் தொங்கும், தண்ணீர் விட்டதும் நிமிரும். உப்பு என்றால், முற்றிய இலையின் ஓரத்தில் கருகல் பழுப்பாகத் தொடங்கி உள்நோக்கி வரும். எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் கருகல் பச்சையாகாது.

முதலில் அந்த இயந்திரத்து நீரை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் செறிந்து வெளியேறுவது அந்தக் குழாயில்தான். அதே போர் தண்ணீரில் தென்னை செழிக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் அளவு மின்கடத்துத் திறன். அது மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே திராட்சையின் விளைச்சல் குறையத் தொடங்கும். தென்னை அதைவிட வெகுவாகத் தாங்கும். மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஊற்றும் முறை. தினம் கொஞ்சமாக ஊற்றினால் மேல்மண் மட்டும் நனைந்து, வெயிலில் நீர் ஆவியாகி, உப்பு அங்கேயே தங்கும். அதே ஆறு குடத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை, சாயங்காலம், நின்று நிதானமாக ஊற்றுங்கள். உப்பு வேருக்குக் கீழே இறங்கும். இலையில் படாமல் ஊற்றுங்கள். திராட்சை இலை உப்பை நேராகவே உறிஞ்சும். தூரைச் சுற்றிப் பனையோலையை நறுக்கிப் பரப்பினால் ஈரம் காக்கும். கரையில் ஒதுங்கும் கடல்பாசியைப் போடுவதென்றால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிய பிறகே போட வேண்டும். கருவாடு கழுவிய தண்ணீர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கோடையில் எப்போதாவது ஒரு தூறல் விழும். எல்லோரும் குடத்தைக் கவிழ்த்து வைக்கும் நாள் அது. அந்தச் சிறுமழைதான், மேலே படிந்த உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளும். அன்றைக்கு நீங்கள் கூடுதலாக ஊற்றி, உப்பை இன்னும் கீழே அனுப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துத் தூருக்குத் திருப்புங்கள். தேங்காமல் வடிய வேண்டும். நம் கொடிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருக்கும் மகள் வீட்டில் மஸ்கடைன் திராட்சை சாப்பிட்டோம். மணல் மண்ணில் அருமையாகக் காய்க்கிறது. அடுத்த முறை வரும்போது நான்கு போத்து வெட்டி வரச் சொல்லவா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஆசை புரிகிறது, ஐயா. தடித்த தோலும் தனி வாசனையுமாக, குலையாக அல்லாமல் ஒவ்வொன்றாகப் பழுக்கும் பழம் அது. ஆனால் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நடவுக் குச்சி கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை இடம் தராது. அது நியாயமான தடை. ஒரு குச்சியோடு வரும் நோய் கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களையே அழிக்கலாம்.

வந்தாலும் இங்கே பிழைப்பது கடினம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியே அதன் தாயகம். குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுத்துப் பழகியது. சற்று அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. நம் கடற்கரை மணலில் சிப்பிச் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. முற்றிய போத்து லேசில் வேர் பிடிக்காது என்பதால் அங்கே பதியம் போட்டும் இளங்குச்சியிலும்தான் கன்று எடுக்கிறார்கள். சில இரகங்களில் பெண் பூ மட்டுமே பூக்கும். பக்கத்தில் வேறொரு கொடி இல்லாவிட்டால் காய்க்காது.

உங்களுக்கு நான் சொல்வது பன்னீர் திராட்சை. டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வேரும் அமெரிக்கக் காட்டுத் திராட்சைதான். உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கும். கச்சான் காற்று நேராக அடிக்காத பக்கத்தில், இரண்டடிக் குழியில் செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நடுங்கள்.

கேள்வி: கவாத்து செய்த நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கொடி பட்டுப்போகுமா?
– வாசகி, தொண்டி

பதில்: போகாது. வேர் மேலே தள்ளும் நீர் அது, தானாக நிற்கும். கவாத்துக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, வெட்டிய பிறகு தொடங்குங்கள். நம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் வெட்டுவதே நல்லது. ஆவணியில் வெட்டினால் பூவும் பிஞ்சும் அடைமழையில் மாட்டும், அடிச்சாம்பல் நோய் வரும். அறுவடைக்கு முன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டாம். பழம் வெடிக்காது, இனிப்பும் கூடும்.