டேங்க் நிரம்பினால் மட்டும் பெட்ரோல் வாடையா? ஃபில்லர் பைப் சீலை மாற்றும் முறை

கேள்வி: டேங்கை முழுதாக நிரப்பினால் காரின் பின்பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கிறது. அளவு பாதிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடுகிறது. பெட்ரோல் ஊற்றும் குழாய் டேங்கில் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் சீல் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நானே மாற்ற முடியுமா? டேங்கை இறக்க வேண்டியிருக்குமா?

பதில்: முடியும். பல கார்களில் டேங்கை இறக்கத் தேவையில்லை. பின்சக்கரத்தைக் கழற்றி, அதற்கு மேலே உள்ள பிளாஸ்டிக் லைனரை எடுத்தால் குழாயும் சீலும் கைக்கு எட்டும். குழாய் டேங்கின் மேற்பரப்பில் இறங்கும் மாடலாக இருந்தால், டேங்க் பட்டைகளைத் தளர்த்திச் சற்றுக் கீழே இறக்க வேண்டிவரும். அப்படியானால் அந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் செய்வதே நல்லது.

கழற்றும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நிரம்பினால் மட்டும் வாடை வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேங்கின் மேலே பெட்ரோல் பம்ப்பை மூடும் வளையத்தின் சீல் கெட்டாலும் இதே அறிகுறிதான். பல கார்களில் அது பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் வாடை அதிகமானால் சந்தேகம் அங்கே திரும்ப வேண்டும். ஃபில்லர் சீல் கசிந்தால், குழாய் டேங்கில் நுழையும் இடத்துக்குக் கீழே ஈரத்தடமோ, புழுதி ஒட்டிக் கறுத்த கோடோ தெரியும். டேங்க் நிறைந்திருக்கும்போது எல்இடி டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் விளக்கு எரிந்து, பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0455 வந்தால் பெரிய ஆவிக்கசிவு, பி0456 வந்தால் மிகச் சிறிய கசிவு. இரண்டாவது, சுமார் அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். எந்த இடம் என்று மட்டும் சொல்லாது. ஆகவே ஊற்றுவாய் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குழாய் டேங்கில் சேரும் முறை இரண்டு வகை. ஒன்றில், டேங்கின் துளையில் தடித்த ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும், குழாய் அதற்குள் நேராக நுழையும். மற்றதில், குழாயையும் டேங்க் முனையையும் ஒரு ரப்பர் ஹோஸ் இணைக்கும், இரு பக்கமும் கிளாம்ப் இருக்கும். இரண்டாவது வகையில் மாற்ற வேண்டியது ஹோஸைத்தான். பழையதில் கிளாம்ப்பை மட்டும் இறுக்கினால் இறுகிப்போன ரப்பர் வெடிக்கும்.

சீலை வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் போடும் வண்டிக்கு எஃப்.கே.எம் ரப்பர் நீடித்து உழைக்கும். கூலன்ட் ஹோஸ்களில் வரும் ஈ.பி.டி.எம் ரப்பர் பெட்ரோலில் ஊதிப்போகும். அளவு பொருந்தினாலும் அதைப் போடக் கூடாது. சிலிக்கான் சீலன்ட் பூசி ஒப்பேற்றுவதும் வேண்டாம். பெட்ரோல் பட்டு அது இளகி உரிந்து, பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைக்கும்.

பெட்ரோல் அளவு கால் டேங்க்குக்குக் கீழே வரும்வரை வண்டியை ஓட்டிக் குறையுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்க ஒருபோதும் முயல வேண்டாம். பெட்ரோல் −40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் திறந்தவெளியில், சமதளத்தில் வேலை செய்யுங்கள். சர்வீஸ் பள்ளத்தின் மேல் வேண்டாம். இன்ஜினும் சைலன்சரும் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். உலர்தூள் தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். வண்டி ஜாக்கில் அல்ல, ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

முதலில் மூடியைத் திறந்து டேங்கின் அழுத்தத்தை விடுங்கள். சக்கரம், லைனர் இரண்டையும் எடுத்ததும், சீலைச் சுற்றியுள்ள சேற்றை பிரஷ்ஷால் முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் குழாயை இழுக்கும் கணத்திலேயே மண் டேங்குக்குள் விழும். குழாய் சீலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் அந்தக் கோடுதான் வழிகாட்டி.

ஊற்றுவாயில் உள்ள ஸ்குரூக்களையும், குழாயைப் பாடியோடு பிடிக்கும் போல்ட்டையும் கழற்றுங்கள். துருப்பிடித்துச் சுற்றாவிட்டால் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து ஊறவிடலாம். கிரைண்டரும் சூடேற்றும் டார்ச்சும் இந்த வேலையில் கூடவே கூடாது. ஊற்றும் குழாயோடு சேர்ந்து ஓடும் மெல்லிய காற்றுக்குழாயைப் பிடுங்கும்போது அது எந்த வளைவில் இருந்தது என்று போட்டோ எடுத்துவையுங்கள். பிறகு குழாயை இடமும் வலமுமாகத் திருகிப் பிடியை விடுவித்து, மெதுவாக இழுங்கள். பழைய சீலை ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் டேங்கின் துளை விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் புதுச் சீலும் அங்கே கசியும். விரலாலோ மழுங்கிய பிளாஸ்டிக் கருவியாலோ எடுங்கள். இறுகிய சீல் துண்டுதுண்டாக உடைந்தால், உள்ளே விழுந்த துண்டுகளை எடுத்த பிறகே அடுத்த வேலை.

இனி நிதானம் காட்ட வேண்டிய இடம். சீல் மாற்றிய சில மாதங்களில் மறுபடி கசிகிறது என்றால், பெரும்பாலும் சீல் கவ்வும் இடத்தில் குழாய் துருவேறியிருந்ததைக் கவனிக்காமல் விட்டதாகத்தான் இருக்கும். மார்க்கர் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியை நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் 400 நம்பர் எமரி பேப்பரால், நீளவாக்கில் இல்லாமல் சுற்றுவாக்கில் தேயுங்கள். நீளவாக்குக் கோடுகள் பெட்ரோல் வெளியேற வழி அமைத்துக் கொடுத்துவிடும். நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் குழாயையே மாற்றுங்கள். தேய்ப்பதை டேங்கிலிருந்து தள்ளி வைத்துச் செய்து, தூளைத் துடைத்தெடுங்கள். அதுவரை டேங்க் துளை மூடியே இருக்கட்டும்.

துளை விளிம்பைத் துடைத்து, புதுச் சீலின் பள்ளம் அதில் முழுச்சுற்றும் உட்காரும்படி அழுத்துங்கள். சீலின் உள்உதட்டிலும் குழாய் முனையிலும் சுத்தமான இன்ஜின் ஆயிலை மெல்லியதாகத் தடவி, திருகியபடியே குழாயைக் கோடு வரை நுழைத்துவிடுங்கள். உலர்வாகத் தள்ளினால் உதடு உள்ளே மடங்கிவிடும். கையை எடுத்ததும் குழாய் சற்றே பின்னால் தள்ளப்பட்டால் அதுதான் அடையாளம். வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். ஹோஸ் வகையாக இருந்தால், குழாய் முனையின் புடைப்பைத் தாண்டி கிளாம்ப் உட்கார வேண்டும். கிளாம்ப் ஓரத்தில் ரப்பர் பிதுங்கும்வரை முறுக்க வேண்டாம்.

உலோகக் குழாயைப் பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரோ, அந்த வேலையைச் செய்யும் போல்ட்டோ இருந்தால், முனையின் துருவைச் சுரண்டிவிட்டு மறக்காமல் பூட்டுங்கள். பெட்ரோல் போடும்போது குழாயில் சேரும் நிலைமின்னேற்றம் இறங்குவது அதன் வழியாகத்தான். காற்றுக்குழாய் மடங்கியிருந்தால் பங்க்கில் நாசில் அடிக்கடி தானாகவே நின்றுகொண்டிருக்கும்.

சோதிக்க, பங்க்கில் நாசில் முதல்முறை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் திணித்தால் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியே, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும். வண்டியை ஊற்றுவாய்ப் பக்கம் தாழ்ந்த சரிவில் அரைமணி நேரம் நிறுத்தி, சீலைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் கூடாது. ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்திருந்தால் உடனே முடிவு தெரியாது. பொதுவாக டேங்கில் 15 முதல் 85 சதவீதம் வரை பெட்ரோல் இருந்து, வண்டி இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகே ஆவிக்கசிவுச் சோதனை ஓடும். ஆகவே, அளவு முக்கால் டேங்க்குக்கு இறங்கிச் சில காலைகள் ஓட்டிய பிறகு ஸ்கேனரை மறுபடி மாட்டிப் பாருங்கள்.