உடல் வலுவாக இருந்தால் அதுவே ஆரோக்கியம் ஆகிவிடாதா?

1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயின்மையை மட்டும் ஆரோக்கியமாகக் கொள்ளாமல், உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் முழுமையாக நலமுற்றிருக்கும் நிலையையே அவ்வாறு வரையறுக்கிறது. மனநிலை உடலையும் பாதிக்கும்: தீராத கவலை நீடிக்கும்போது கார்டிசால் போன்ற மன அழுத்தச் சுரப்புகள் (ஹார்மோன்கள்) மிகுந்து, உறக்கத்தைக் கெடுத்து, இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும்.

தேனி மாவட்டத்தின் கம்பம் ஊரிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, குமுளி மலைப்பாதை வழியே ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்பை எண்ணிப் பாருங்கள். என்ஜின் புதியதாகவே இருந்தாலும், ஓட்டுநர் இரவெல்லாம் உறங்காதவராக இருந்து, வழியில் பழுதானால் உதவிக்கு அழைக்க ஒருவரும் இல்லையென்றால், அந்த வண்டியில் நம் வீட்டாரை ஏற்றிவிட மனம் வருமா? என்ஜின்தான் உடல், ஓட்டுநர்தான் மனம், அழைத்தால் உதவிக்கு வருபவர்தான் சமூகம்.

மனம் தெளிவாக இருந்தால் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு.