மூன்று கம்பெனிகளும் சீல் வைத்த ஒரு பெட்டியும்: ஹைப்ரிட் ராலி கேள்வி பதில்

உலக ராலி சாம்பியன்ஷிப்பின் உச்ச வகுப்பான ராலி1-ல் ஹைப்ரிட் கார்கள் ஓடியது 2022 முதல் 2024 வரை, மூன்றே சீசன். மூன்றையும் ஒரு ராலி விடாமல் பார்த்தவன் என்ற தைரியத்தில் உட்காருகிறேன். எந்தக் கம்பெனி வந்தது, எது வரவில்லை, ஏன் என்பதுதான் பேச்சு. ஒரே ஒரு வேண்டுகோள்: எம்-ஸ்போர்ட்டை 'ஃபோர்டு கம்பெனி டீம்' என்று எழுதாதீர்கள். காரணம் கீழே வரும்.

கேள்வி: ராலி1 கார் என்பது ரோட்டில் ஓடும் ஹைப்ரிட் கார் மாதிரிதானா அண்ணா?

பெயரில் மட்டும்தான் தம்பி. 1.6 லிட்டர் டர்போ இன்ஜின், அதோடு 100 கிலோவாட் மின் மோட்டார், 3.9 கிலோவாட்-மணி பேட்டரி. இரண்டும் சேர்ந்தால் 500 குதிரைசக்திக்கு மேல். ஆனால் அந்த மின்சக்தி எப்போதும் கிடைக்காது. ஸ்டேஜ், அதாவது நேரம் குறித்து ஓட்டும் சாலைப் பகுதி, தொடங்கும்போது ஒரு பூஸ்ட் உண்டு. அப்புறம் பிரேக் பிடித்துப் போதுமான சக்தியைத் திருப்பிச் சேர்த்தால்தான் அடுத்தது. கியர்பாக்ஸ் ஐந்து கியருக்கு இறங்கியது, கியர் மாற்ற ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பேடில் போய் பழையபடி லீவர் வந்தது.

டீம்கள் காரைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் பார்க்குக்குள் கார் வரும் வீடியோ கிடைத்தால் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும், டயருக்கடியில் கல் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்கும். இத்தனை முரட்டு வண்டி பூனை மாதிரி வந்து நிற்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தால் தொடலாம், சிவப்பு என்றால் மெக்கானிக்கே விலகி நிற்பார்.

அந்த மோட்டார், பேட்டரி எல்லாம் சீல் வைத்த ஒரே பெட்டி. ஜெர்மனியின் காம்பாக்ட் டைனமிக்ஸ் செய்து எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி கொடுத்தது. டீம்கள் அதைத் திறக்கக் கூடாது. இந்தப் பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: எத்தனை கம்பெனிகள் இருந்தன? யார் எத்தனை ஜெயித்தார்கள்?

டொயோட்டா, ஹூண்டாய், எம்-ஸ்போர்ட். மூன்று சீசனிலும் தலா 13 ராலி, மொத்தம் 39. அதில் டொயோட்டா 24, ஹூண்டாய் 12, எம்-ஸ்போர்ட் 3. கம்பெனிப் பட்டம் மூன்று வருடமும் டொயோட்டாவுக்கே. 2024-ல் மட்டும் ஹூண்டாய் கழுத்துவரை வந்து 3 புள்ளியில் கோட்டை விட்டது.

கேள்வி: நாலாவது கம்பெனி ஏன் வரவில்லை? ஹைப்ரிட் கொண்டுவந்ததே புதியவர்களை இழுக்கத்தானே?

ஆமாம், அதற்குத்தான். கம்பெனிகள் பச்சைத் தொழில்நுட்பம் வேண்டும் என்றன, விதி போடும் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கொடுத்தது. ஆனால் பந்தி போட்டு இலை விரித்த நேரத்தில் விருந்தாளிகள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிட்ரோயன் 2019 முடிவிலேயே விலகியது. முன்னணி ஓட்டுநர் செபாஸ்டியன் ஓஜியே கிளம்பினார், அவர் இடத்துக்கு ஆள் இல்லை என்று கடையை மூடிவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் 2016-லேயே ராலியை விட்டுப் போனது. 2020 முடிவில் தன் மோட்டார் ஸ்போர்ட் பிரிவையே மூடும் முடிவை அறிவித்தது. அவர்கள் பார்வை முழு மின்சார வண்டிக்குப் போயிருந்தது.

அடுத்தது அந்தப் பெட்டி. எல்லோருக்கும் ஒரே பெட்டி என்றால் செலவு கட்டுக்குள் இருக்கும், சரி. ஆனால் 'எங்கள் ஹைப்ரிட்தான் ஜெயித்தது' என்று எந்தக் கம்பெனியும் விளம்பரம் போட முடியாது. பெட்டியில் இருப்பது அடுத்தவன் சரக்கு. அதற்காக ஒரு நிர்வாகக் குழுவிடம் போய்ப் பணம் கேட்பது எப்படி? கார் ஒன்றுக்குச் சுமார் 10 லட்சம் யூரோ என்று பேசப்பட்டது. டீம் நடத்தும் செலவு தனி.

டொயோட்டாவில் மட்டும் இந்தக் கேள்விக்கு மேலிடத்திலேயே பதில் இருந்தது. அகியோ டொயோடாவே ராலி கார் ஓட்டுகிற மனிதர். என்னைக் கேட்டால், ஒரு கம்பெனி ராலியில் நிற்பதும் போவதும் விதிப்புத்தகத்தைப் பார்த்து அல்ல, மேலே ஒரு ஆள் அதை விரும்புகிறாரா என்பதைப் பார்த்துத்தான்.

கேள்வி: ஃபோர்டு டீம் ஏன் இவ்வளவு பின்தங்கியது?

இதைத்தான் சொன்னேன். எம்-ஸ்போர்ட் இங்கிலாந்தின் கம்பிரியாவில் மால்கம் வில்சன் உருவாக்கிய தனியார் நிறுவனம். ஃபோர்டு ஆதரவு தரும், ஆனால் டொயோட்டா மாதிரி கஜானா திறந்து கிடக்காது. அந்த நிலையிலும் 2022 மான்டே கார்லோவில், ஹைப்ரிட் காலத்தின் முதல் ராலியையே ஃபோர்டு பூமா காரில் ஜெயித்தார்கள். ஓட்டியது 47 வயது செபாஸ்டியன் லோப், பக்கத்தில் வழி சொன்னது இசபெல் கால்மிஷ். கடைசிக்கு முந்தைய ஸ்டேஜில் டொயோட்டாவில் ஓடிய ஓஜியேயின் டயர் பஞ்சரானது, லோப் 10.5 விநாடியில் வென்றார். மிச்ச இரண்டு வெற்றியும் 2023-ல் ஓட்டுநர் ஓட் டானாக் கொடுத்தது: ஸ்வீடன், சிலி.

கேள்வி: ஸ்கோடா ஏன் வரவில்லை?

நாலாவது கம்பெனிக் கேள்வியே வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. ஒரு படி கீழான ராலி2 வகுப்புக் காரைத் தனியாருக்கு விற்றுக் காசு பார்க்க முடிகிறபோது, மேலே போய்க் காசை ஏன் கரைக்க வேண்டும்?

கேள்வி: 2022 ஜப்பானில் ஹூண்டாய் ஓட்டுநர் ஸோர்டோவின் கார் எரிந்து சாம்பலானது பேட்டரியால்தானே?

இல்லை. உள்ளே பெட்ரோல் வாசனை வந்தது, அப்புறம் தீ. பேட்டரியைப் பார்த்தாலே பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஹூண்டாய் 2022 பட்டத்தைக் கோட்டை விட்டது அக்ரோபோலிஸில்தான். ஒத்துக்கொள்கிறீர்களா?

ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாதவர்களுக்கு: கிரீஸின் அக்ரோபோலிஸ் ராலியில் நூவில், டானாக், ஸோர்டோ என்று ஹூண்டாய் முதல் மூன்று இடத்தையும் பிடித்தது. அவர்கள் வரலாற்றில் அதுவே முதல்முறை. ஓட்டுநர் பட்டப் போட்டியில் டொயோட்டாவின் ரோவன்பேராவைத் துரத்திக்கொண்டிருந்தவர் டானாக். நூவிலை வழிவிடச் சொல்வார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். டீம் சொல்லவில்லை.

அவரே மறுபடியும்: சொல்லாததுதான் குற்றம். ஜெயிக்கத் தெரியாத டீம்.

கணக்கைப் பாருங்கள் சார். முதலிடம் 25, இரண்டாமிடம் 18. மாற்றியிருந்தால் டானாக்குக்கு 7 புள்ளி கூடியிருக்கும். சீசன் முடிவில் ரோவன்பேரா 255, டானாக் 205.

இன்னொருவர் (நூவில் ரசிகராம்): முன்னால் போனவரை ஏன் நிறுத்த வேண்டும்?

பட்டம் கையில் இல்லாத டீம் வேறென்ன செய்யும் என்ற வாதமும் உண்டு, அதை மறுக்கவில்லை. நானாக இருந்தால் உத்தரவு போட்டிருப்பேன். புள்ளிக்காக இல்லை, டானாக்கின் மனதுக்காக. அந்த வருடம் முடிந்ததும் அவர் எம்-ஸ்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். 2024-ல் திரும்பி வந்தார் என்பது வேறு. ஒரு வருடம் முழுக்க ஒரு உலக சாம்பியனை எதிர் டீமில் வைத்துப் பார்த்தது ஹூண்டாய்க்கு வலித்திருக்கும். 2023-ல் அவர்களுக்கு இரண்டே வெற்றி.

கேள்வி: வணக்கம், வேறு கம்பெனிகள் ஏன் வரவில்லை என்று சொல்ல முடியுமா?

மேலே.

கேள்வி: டக்கார் ராலியில் ஆடியின் ஹைப்ரிட் பற்றி?

அது பாலைவனம், வேறு துறை. அங்கே கேளுங்கள்.

கேள்வி: பிறகு ஏன் ஹைப்ரிட்டைத் தூக்கினார்கள்?

2024 பிப்ரவரியில் தூக்குகிறோம் என்றது எஃப்ஐஏ. காசு போட்டுக் கார் செய்தவர்கள் எதிர்த்தார்கள். ஜூனில் இருக்கட்டும் என்றது. நவம்பரில் மறுபடி தூக்கியது. பலமாக மோதினால் பெட்டியைத் தயாரித்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், செலவு அதிகம், தலைவலி. 2025-ல் பெட்டி போனதும் குறைந்தபட்ச எடை 1,260 கிலோவிலிருந்து 1,180 ஆனது, இன்ஜினுக்குக் காற்று போகும் துளை 36 மில்லிமீட்டரிலிருந்து 35 ஆனது. பெட்டி போனால் போட்டி சூடாகும் என்றார்கள். 2025-ல் 14 ராலியில் 12 டொயோட்டாவுக்கு.

கேள்வி: 2027 விதியிலாவது யாராவது வருவார்களா?

கார் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு, ராலி2 பாகங்கள், பெரிய கம்பெனி இல்லாத கட்டுநர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. இது ஹைப்ரிட்டைவிட நேர்மையான அழைப்பு. ஏனென்றால் வராத கம்பெனிக்காகக் காத்திருக்கவில்லை.

அக்ரோபோலிஸ் நண்பர்: 7 புள்ளி சின்ன விஷயம் இல்லை. அது உத்வேகம்!

ஐம்பதில் ஏழு போனால் நாற்பத்து மூன்று சார்.