இலங்கை மலையகத்தில் வளரும் பிள்ளை பியானோ மேடைக் கலைஞராக முடியுமா? கடன் எடுத்துப் பியானோ வாங்கிக் கொடுக்கலாமா?

முடியும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மகளுக்கு ஒன்பது வயது, ஹட்டன் பக்கம் தோட்டத்தில் வீடு, பாடசாலைப் பியானோவில் கிரேட் 3 வரை வந்துவிட்டாள், வீட்டில் இருப்பது சின்ன ஓர்கன் என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு வரி போதாது. நான் நுவரெலியாவில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வரும்.

"மலையில் இருந்துகொண்டு எப்படி?" என்பவர்களுக்கு நான் சொல்வது வியட்நாமின் டாங் தாய் சோன் கதையைத்தான். 1958இல் ஹனோயில் பிறந்தவர். அமெரிக்க விமானங்கள் குண்டு போடத் தொடங்கியதும் ஹனோய் இசைக் கல்லூரியே நகரத்தைக் காலி செய்துகொண்டு மலைப்பக்கக் கிராமத்துக்குப் போனது. பியானோ போனது எருமை வண்டியில். அந்த ஒரு பியானோவுக்கு மாணவர்கள் முறை வைத்துக் காத்துக் கிடந்தார்கள். அப்படிப் படித்த பையன் 1980இல், 22 வயதில், போலந்தின் வார்சோவில், ஷோபான் என்ற இசையமைப்பாளர் பெயரில் நடக்கும் பியானோ போட்டியில் முதலிடம் வாங்கினார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான். ஓர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசித்ததே அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில்தான் முதல்முறை!

பலரும் எருமை வண்டியோடு கதையை முடித்துக் கைதட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டாங் தாய் சோனின் அம்மா தாய் தி லியென் சாதாரண ஆள் இல்லை. அந்த இசைக் கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அவரே பியானோ கலைஞர். 1970இல் வார்சோப் போட்டிக்கு விருந்தினராகப் போய், வரும்போது ஷோபானின் நோட்டுப் (இசைக்குறிப்பு) புத்தகங்களும் இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். 1974இல் ஹனோய்க்கு வந்த சோவியத் ஆசிரியர் ஐசக் காட்ஸ் பையனைக் கேட்டுவிட்டு மொஸ்கோவுக்கு வழி காட்டினார். 1977இல் பையன் அங்கே போய்ச் சேர்ந்தார். பியானோ மோசம்தான், சாப்பாட்டுக்கும் கஷ்டம்தான். ஆனால் தப்பாக வாசித்தால் அந்த நிமிடமே பிடித்துத் திருத்தும் ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். நம் பிள்ளைகளுக்கு இல்லாதது அதுதான்.

நம் பக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வாரத்துக்கு ஒரு வகுப்பு, வருஷக் கடைசியில் கிரேட் 1 முதல் 8 வரை படிப்படியாக நடக்கும் லண்டன் சோதனை. அதற்கு மூன்று உருப்படி. அந்த மூன்றையும் வருஷம் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து டிஸ்டிங்ஷன் வாங்கிவிடுவார்கள். சான்றிதழ் சுவரில் ஏறிவிடும். நாலாவதாக ஒரு புது நோட்டை முன்னால் வைத்தால் பிள்ளை திருதிருவென்று முழிக்கும். மேடைக் கலைஞருக்கு ஷோபானின் ஒரு கொன்செர்ட்டோ (ஓர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் நீண்ட உருப்படி) மட்டுமே முப்பது, நாற்பது நிமிடம், அதுவும் நோட்டுப் பார்க்காமல். கிரேட் 8 முடித்தால் மேடைக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வாசற்படி அங்கேதான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மலைப் பிள்ளைகளுக்கு யோகம் என்பேன். வயலின்காரர் தன் வயலினைக் கையோடு கொண்டுபோவார். பியானோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. எந்த ஊர் மண்டபத்தில் எது இருக்கிறதோ அதோடு சில மணித்தியாலத்தில் பழகி, அன்று இரவே வாசிக்க வேண்டும். நுவரெலியாவில் ஜூலை மழைக்கு என் பியானோவைப் பார்க்க வேண்டுமே! மரமும் கம்பளித் துணியும் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். நடு சி (பியானோவின் நடுவில் உள்ள ஸ்வரம்) பக்கத்துக் கட்டையை அமுக்கினால் போனது போனதுதான், விரலால் கிளப்பிவிட வேண்டும். கம்பியில் துரு, கம்பியைத் தட்டும் சுத்தியல் துணியில் பூச்சி. கீழ்ப் பலகையைக் கழற்றி உள்ளே ஒரு 25 வாட் குண்டு பல்பை எரியவிடுவதுதான் பழைய வைத்தியம். (எல்இடி போட்டுவிடாதீர்கள், அதில் போதிய சூடு வராது.) இதில் பழகிய கை எந்தப் பியானோவுக்கும் பயப்படாது.

வருமானத்தையும் சொல்லிவிட வேண்டும். மேடையை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சப் பேர். டாங் தாய் சோனே கனடாவின் மொன்ட்ரியலில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 2021இல் அதே ஷோபான் போட்டியில் வென்ற புரூஸ் லியு அவருடைய மாணவர். கொழும்பு லயனல் வென்ட் அரங்கு தெரியும்தானே? அந்த லயனல் வென்ட் லண்டனில் சட்டத்தோடு பியானோவும் படித்துவிட்டு 1924இல் திரும்பிவந்த மேடைக் கலைஞர். இன்று உலகம் அவரைப் புகைப்படக்காரராகத்தான் தெரிந்து வைத்திருக்கிறது. இங்கே என்றால் பாடசாலையில் மேலைத்தேய சங்கீத ஆசிரியர், தேவாலயம், கல்யாண வீடு, தனி வகுப்பு என்று நாலையும் சேர்த்துத்தான் குடும்பம் நடத்த முடியும். அது கேவலமும் இல்லை.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) பழைய பியானோவை இறக்கினால் நீங்கள் படுக்க இடம் இருக்காது, பக்கத்துக் காம்பராக்காரருக்கும் தூக்கம் போகும். சுருதி சேர்க்க ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும். 88 கட்டையும் உள்ள, அமுக்கும்போது உண்மைப் பியானோ மாதிரி கனம் கொடுக்கும் டிஜிட்டல் பியானோ பழையதாகக் கிடைத்தாலும் எடுங்கள், ஹெட்போன் போட்டு ராத்திரியிலும் வாசிக்கலாம். மிச்சப்படும் பணத்தில் மாதம் இரண்டு தடவை கண்டியிலோ கொழும்பிலோ நல்ல ஆசிரியரிடம் கூட்டிப்போங்கள். முதல் நாளே அவரிடம் கேளுங்கள்: சோதனை உருப்படி தவிர வருஷத்துக்கு வேறு எத்தனை சொல்லிக்கொடுப்பீர்கள் என்று. மூன்றோடு நிறுத்துகிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.