பிரிந்து நில்லுங்கள் என்றபோது

கேள்வி: ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஒரே கத்தோலிக்கக் கோவிலில் நற்கருணை வாங்கியவர்களே ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குப் பிறகும், இனத்தையும் குடும்பப் பகையையும் தாண்டிய சகோதரத்துவத்தை ஒரு விசுவாசக் கூட்டம் வளர்க்கும் என்று எந்த முகத்தோடு எழுதுகிறீர்கள்?

பதில்: நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்கமாட்டேன். 1994 இனப்படுகொலையின்போது நியமாத்தா, என்டராமா கோவில்களுக்குள் அடைக்கலம் தேடி ஓடியவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். நியாங்கேயில் உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கோவிலை புல்டோசர் விட்டு இடித்தார்கள். அந்தக் குற்றத்துக்காக 2008இல் ஆயுள் தண்டனை பெற்ற அத்தனாஸ் செரொம்பா, அதே பங்கின் (கோவில் வட்டாரத்தின்) குருவானவர். திருச்சபையினரின் பாவங்களுக்காக 2017இல் போப் பிரான்சிஸ் மன்னிப்பு வேண்டினார். அதற்கே 23 ஆண்டுகள் ஆயின.

ஆனால் நீங்கள் எல்லையிலேயே நின்றுவிட்டீர்கள். பக்கத்து நாடான புருண்டியிலும் ருவாண்டாவில் இருக்கும் அதே ஹூட்டு, அதே டூட்சி இனங்கள்தான். இரு தரப்புக்கும் தாய்மொழி ஒன்றே. 1972இல் ராணுவம் ஹூட்டு மக்களை லட்சக்கணக்கில் கொன்றது. 1993இல் ஹூட்டு இனத்தைச் சேர்ந்த அதிபர் என்டடாயே கொல்லப்பட்டதும் டூட்சிகள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். ஒருவன் வீட்டு இழவுக்கு இன்னொருவன் இனம் காரணம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் வளர்ந்த நாடு அது.

அங்கே பூட்டா என்ற ஊரில் ஓர் இளங்குருமடம், குருவாக விரும்பும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி. 1997 ஏப்ரல் 30, விடியற்காலை. பெரிய மாணவர்கள் படுத்திருந்த கூடத்துக்குள் ஹூட்டு கிளர்ச்சியாளர்கள் துப்பாக்கியோடு புகுந்து, ஹூட்டு ஒரு பக்கம், டூட்சி ஒரு பக்கம் நில்லுங்கள் என்று கட்டளையிட்டார்கள். ஒருவரும் நகரவில்லை. மறுபடியும் அதட்டினார்கள். அப்போதும் நகரவில்லை. பிறகு சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள். 40 மாணவர்கள் இறந்தார்கள். ஹூட்டு மாணவர்கள் நாலடி தள்ளி நின்றிருந்தால் உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதைத் திடீர் வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். குருமட அதிபர் சக்கரி புகுரு, இனத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று பையன்களின் வாயைக் கட்டவில்லை. வெளியே நடக்கும் கொலைகளைப் பற்றி மனம் விட்டுப் பேசவைத்தார். விளையாட்டு, நடனம், ஜெபம் எதிலும் இனவாரியாகக் கூட்டம் சேர விடவில்லை. 1993 அக்டோபரில் போர் தொடங்கியதிலிருந்து மூன்றரை ஆண்டுகள் இந்த வேலை நடந்திருக்கிறது. நம் பங்குகளில் செய்யாமல் விட்டது இதைத்தான். எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று பிரசங்கம் செய்துவிட்டு, யார் வீட்டில் யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமலேயே ஆசீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அப்படி அனுப்பப்பட்டவர்கள் கத்தி எடுத்தால் அதில் நமக்கும் பங்கு உண்டு.

பூட்டாவில் அந்த 40 பேரையும் அருகருகே அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லறையிலும் அவர்களைப் பிரிக்கவில்லை.